பிரேக்கில் கரையும் பெட்ரோல்

நகரத்துச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற, ஆட்களோடு சேர்த்து ஏறத்தாழ 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரை, எதிரே சிவப்பு விளக்கைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது, அந்த வேகத்தை உண்டாக்குவதற்காகச் சற்று முன்னே எரிக்கப்பட்ட பெட்ரோலின் பயன் பெரும்பாலும் பிரேக்கின் உராய்வில் வெப்பமாக மாறி, சக்கரத்தைச் சுற்றியுள்ள காற்றில் கலந்து, ஒருவருக்கும் உபயோகமின்றி மறைந்துபோகிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தில் வரும் சூத்திரத்தைக் கொண்டே இந்த நஷ்டத்தை மதிப்பிட்டுவிடலாம். அந்த வேகத்தில் அந்த எடை கொண்டிருக்கும் இயக்கசக்தி சுமார் 86,000 ஜூல். எஞ்சினோ தான் குடிக்கும் பெட்ரோலின் சக்தியில் கால்பங்கு அளவையே சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது. ஆகவே ஒருமுறை வேகம் பிடிக்கச் செலவாகிற பெட்ரோல் பத்துப் பதினொரு மில்லிலிட்டர் என்று ஆகிறது. இது மிகச் சொற்பமான அளவுதான் என்றாலும், நூறு தடவை நின்று நூறு தடவை புறப்பட்டவனுக்கு ஒரு லிட்டர் போய்விட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகத் தடுப்புகள் வைத்துக் குறுக்கப்பட்ட சென்னை ஆற்காடு சாலையில் காலையும் மாலையும் போய் வந்தவர்களுக்கு, ஒரு வாரத்தில் நூறு தடவை நிற்பது எவ்வளவு எளிது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்து, இந்த விரயத்தைப் பிடித்து வைக்கும் ஹைப்ரிட் கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற மைலேஜ் கணக்கோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு பொய்யன்று. ஆயினும் அந்தக் கணக்குக்குப் பின்னாலிருக்கும் காரணத்தை அறியாதவரையில், இந்த வாகனம் யாருக்கு உகந்தது, எங்கே உகந்தது, எந்த இடத்தில் அதன் பயன் குறைந்துவிடுகிறது என்பன விளங்க மாட்டா. என் அபிப்பிராயத்தில் ஹைப்ரிட் கார் என்பது நின்று நின்று செல்ல வேண்டிய நிர்ப்பந்தமுள்ள நகரவாசிக்காகவே அமைந்த வாகனம்; அது செய்கிற காரியங்களில் பெரிது, விரயமாகப் போவதைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடியும் தருவது. அந்த ஒரு குணத்திலிருந்தே அதன் மற்ற நன்மைகளெல்லாம் கிளைக்கின்றன.

பெட்ரோல் எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் ஒரே வாகனத்தில் சேர்க்கலாம் என்ற எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. வியன்னா நகரில் லோனர் என்பவரின் வண்டித் தொழிற்சாலையில் பணியாற்றிய இளம் பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, 1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே, பெட்ரோல் எஞ்சினால் மின்சாரத்தை உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கரங்களின் குடத்திலேயே பொருத்திய மோட்டார்களைச் சுழற்றும் வண்டி ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். ஆனால் பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலத்தில், கனமும் விலையும் மிகுந்த அந்த ஏற்பாட்டை விரும்புவார் இல்லாமையால், அந்த யுக்தி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உறங்கிக் கிடந்தது.

அதை எழுப்பியவர்கள் ஜப்பானியர். 1993-ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் இருபத்தோராம் நூற்றாண்டுக்குரிய கார் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, அதன் தலைமைப் பொறியாளராக வந்த தக்கேஷி உச்சியமாடாவிடம் முதலில் கேட்கப்பட்டது அப்போதிருந்த கார்களைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு மைலேஜ். பின்னர் மேலிடத்தார் அது போதாது, இரண்டு மடங்கு வேண்டும் என்றார்கள். சாதாரண எஞ்சினைத் திருத்திக்கொண்டே போவதால் இரண்டு மடங்கை எட்ட முடியாது என்ற நிலையில்தான் அவர்கள் ஹைப்ரிட் முறைக்கு வந்து சேர்ந்தார்கள். 1995-ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் மாதிரி வடிவத்தை வைத்துவிட்டு, சோதனை வண்டியைச் செய்து இயக்கிப் பார்த்தால், 49 நாட்கள் அது அசையவே இல்லை. அதற்குப் பிறகு அசைந்ததும் சில நூறு மீட்டர் தூரமே. இரண்டு வேறு சக்திகளையும், எப்போது எது வேலை செய்ய வேண்டும், எந்த அளவில் செய்ய வேண்டும் என்று நொடிக்கு நொடி கணித்துச் சொல்லும் மின்னணு மூளைக்குக் கட்டுப்படுத்துவது அத்தனை கடினமாக இருந்தது. ஆயினும் சிரத்தை தளராமல் உழைத்து, 1997 டிசம்பரில், கியோத்தோ நகரில் உலக நாடுகள் கூடிப் பருவநிலை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட அதே மாதத்தில், பிரியஸ் என்ற அந்தக் காரை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தக் காரின் உள்ளமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பிரயோஜனமுள்ளது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி வரும் சில சிறு பல்சக்கரங்கள், அவற்றையெல்லாம் வளைத்து நிற்கும் பல்லுள்ள வெளிவளையம் ஒன்று. இவ்வளவே அதன் இதயம். நடுச்சக்கரத்தோடு ஜெனரேட்டரும், சுற்றி வரும் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு பெட்ரோல் எஞ்சினும், வெளிவளையத்தோடு மோட்டாரும் அதன் வழியே காரின் சக்கரங்களும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. இந்த மூன்றில் எதை வேகமாகச் சுழற்றுவது, எதை மெதுவாகச் சுழற்றுவது, எதை நிறுத்தி வைப்பது என்பதை மாற்றிக்கொண்டே வருவதால், கிளட்சும் இல்லாமல், முதல் கியர் இரண்டாம் கியர் என்ற படிகளும் இல்லாமல், கார் நிற்கும்போது எஞ்சின் முற்றிலும் ஓய்ந்திருக்கவும், மெதுவாக நகரும்போது மோட்டார் மட்டும் இழுக்கவும், மேட்டில் ஏறும்போது இரண்டும் கைகோத்துக்கொள்ளவும் முடிகிறது. பிரேக்கை மிதித்தவுடன் அதே மோட்டார் தன் தொழிலைத் தலைகீழாக மாற்றிக்கொண்டு, சக்கரத்தின் சுழற்சியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. மின்சாரம் உண்டாக்கும் அந்த உழைப்பே சக்கரத்துக்குத் தடையாகி வண்டியை மெதுவாக்குகிறது. ஹோண்டா நிறுவனத்தின் முறை இதனின்றும் வேறானது. அதில் பெரும்பாலும் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்ற, மோட்டாரே சக்கரங்களை ஓட்டுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில்தான் எஞ்சின் நேரே சக்கரத்தோடு இணைகிறது. வழிகள் வேறாயினும் இரண்டும் அடையும் பயன் ஒன்றே.

பேட்டரியின் அளவைப் பற்றிப் பலருக்கும் தவறான கற்பனை இருப்பதைக் காண்கிறேன். நம் நாட்டில் விற்கும் நடுத்தர ஹைப்ரிட் கார் ஒன்றின் பேட்டரி ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவான மின்சாரத்தைக் கொள்ளுவது. முழு மின்சாரக் காரில் இருப்பதோ முப்பது, நாற்பது, அதற்கும் மேல். ஹைப்ரிட் பேட்டரி ஏரியன்று. கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து அன்றாடம் செலவழிக்க வீட்டு முற்றத்தில் வைத்த தொட்டி. சிறிது சேரும், உடனே செலவாகும், மறுபடியும் சேரும். அதனால் அதை வீட்டில் சுவரோடு இணைத்துச் சார்ஜ் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை, இரவெல்லாம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கார் நிறுத்த ஓர் இடம் கிடைப்பதே பாக்கியம் என்றிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகளில், தம் மீட்டரிலிருந்து கீழ்த்தளத்துக்கு ஒரு கம்பி இழுக்கச் சங்கத்தாரின் சம்மதத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்களைக் கேட்டால், இந்தச் சௌகரியத்தின் அருமை தெரியும். மின்கலங்களுக்கு வேண்டிய லிதியம் முதலிய கனிமங்கள் அருமையானவை என்பதையும் எண்ண வேண்டும். ஒரு மின்சாரக் காருக்கு ஆகும் அளவைக் கொண்டு தொண்ணூறு ஹைப்ரிட் கார்களுக்குப் பேட்டரி செய்யலாம் என்பது டொயோட்டா நிறுவனத்தார் சொல்லும் கணக்கு. விற்பவரின் கணக்கு ஆகையால் அதைச் சற்றுக் கழித்தே கொள்ள வேண்டுமென்றாலும், வித்தியாசம் பெரிது என்பதில் சந்தேகமில்லை.

இனி, கார் சிக்னலில் நிற்கும் அந்த ஒன்றரை இரண்டு நிமிஷங்களுக்கு வருவோம். நம்முடைய சித்திரை வைகாசி வெயிலில் ஏ.சி. இல்லாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்க ஒருவராலும் இயலாது. சாதாரணக் காரில் ஏ.சி. ஓட வேண்டுமானால் எஞ்சின் ஓடியாக வேண்டும். நின்ற இடத்திலேயே அது மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும். மோட்டாரால் மட்டுமே நகர வல்ல முழு ஹைப்ரிட் கார்களிலோ ஏ.சி.யின் கம்ப்ரஸரை மின்சாரமே சுழற்றுகிறது. எஞ்சின் அணைந்திருக்கிறது, குளிர்காற்று வந்துகொண்டே இருக்கிறது, பேட்டரி மிகவும் இறங்கினாலொழிய எஞ்சின் விழித்துக்கொள்வதில்லை. கத்திப்பாராவிலோ மதுரவாயலிலோ நெரிசலில் அகப்பட்டுக்கொண்ட ஒரு மாலைப்பொழுதில், காருக்குள் இருப்பவருக்கு இது எத்தகைய அமைதி என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். அதிர்வு இல்லை, உறுமல் இல்லை, பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம்.

ஆனால் காருக்குள் இருப்பவரின் சுகத்தைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது காருக்கு வெளியே நிற்பவரின் சுவாசம். சிவப்பு விளக்கு எரியும் நேரமெல்லாம் புகைக்குழாய்களின் மட்டத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் யார்? சந்தியில் காலையிலிருந்து கைகாட்டிக்கொண்டிருக்கும் போக்குவரத்துக் காவலர், வண்டிகளுக்கிடையே புகுந்து மல்லிகைப்பூ விற்கும் அம்மாள், பின்னால் நிற்கும் ஆட்டோவில் கதவும் கண்ணாடியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள், நடைபாதையோரத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவர். பெட்ரோல் மிச்சமாவதால் வரும் லாபம் காருக்குச் சொந்தக்காரருடையது. எஞ்சின் அணைந்திருப்பதால் வரும் லாபமோ காரே இல்லாத இவர்களுடையது. ஒரு சந்தியில் நிற்கும் நூறு கார்களில் ஐம்பது இவ்வாறு ஓய்ந்து நிற்குமானால், அந்தச் சந்தியின் காற்று அன்றைக்கே மாறும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது என்பது உலகத்துக்கான கணக்கு. அந்தப் பூக்கார அம்மாளின் மார்புக்குள் போகும் புகை இந்த ஊருக்கான கணக்கு. இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. இதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: மெதுவாக நகரும்போது இந்தக் கார்கள் ஏறக்குறைய ஓசையின்றி வருவதால், பள்ளிக்கூட வாசலிலும் குறுகலான தெருக்களிலும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கார் வருவது தெரியாமல் போகலாம், ஓட்டுகிறவர்கள் அங்கே இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

ஓட்டும் முறையைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே கண்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டு, பிரேக்கை மென்மையாக அழுத்தி நீண்ட தூரத்தில் நிறுத்துகிறவருக்குத்தான் மின்சாரம் மிகுதியாகத் திரும்பக் கிடைக்கும். கடைசி நேரத்தில் ஓங்கி மிதிப்பவரின் காரில் மோட்டாரால் அத்தனை வேகத்தையும் பிடிக்க முடியாமல், வழக்கமான பிரேக் கட்டைகளே வேலையை ஏற்றுக்கொண்டுவிடும். ஆகையால் இந்தக் கார் தன்னை ஓட்டுகிறவருக்கு நிதானத்தைப் பழக்கிவிடுகிறது. பிரேக் கட்டைகளும் மிகுந்த காலம் தேயாமல் இருக்கின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற நீண்ட இறக்கங்களில் மட்டும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: சிறிய பேட்டரி பாதி மலையிலேயே நிறைந்துவிடும், அதற்குமேல் அதனால் வாங்கிக்கொள்ள முடியாது. இதற்காகவே டொயோட்டா கார்களின் கியர் தண்டில் ‘பி’ என்று ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கும்.

பேட்டரி கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இதற்கு விடை தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் இலங்கையின் அனுபவம் போதும். அந்நாட்டில் சுங்கவரிச் சலுகையின் காரணமாக ஜப்பானிலிருந்து பிரியஸ், அக்வா, வெசல் முதலிய ஹைப்ரிட் கார்கள் பெருமளவில் இறக்குமதியாகி, கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை ஓடின. அவற்றில் பல ஏற்கெனவே ஜப்பானில் ஓடிப் பழகியவை. காலம் ஆக ஆக, பேட்டரியைத் திறந்து, சோர்ந்துபோன செல்களை மட்டும் எடுத்துவிட்டு நல்ல செல்களை மாட்டித் தரும் கைத்தொழிலாளர்கள் அங்கே தோன்றினார்கள். அவர்களும் ஜப்பானியத் தொழில்நுட்பர்களும் ஒருமித்துச் சொல்லும் ஒரு சிறு விஷயத்தை இங்குள்ளவர்களும் அறிந்துகொள்வது நல்லது. இவ்வகைக் கார்கள் பலவற்றில் பின் இருக்கையின் பக்கத்திலோ அடியிலோ வலை போட்ட ஒரு சிறு காற்றுத்துவாரம் இருக்கும்; பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியேதான் போகிறது. அதன்மேல் பையையும் துண்டையும் போட்டு மூடினாலும், தூசியும் நூலும் அடைய விட்டாலும், பேட்டரி சூடேறி அதன் ஆயுள் குறையும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அந்த வலையைத் துடைத்துவிடச் சொன்னால் அச்சத்தில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, இங்கே விற்கும் மாருதி, டொயோட்டா கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு உத்தரவாதம் உண்டு. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கியூ.ஆர். அட்டை முறை வந்து, ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லிட்டர் என்று அளந்து கொடுக்கப்பட்டதே, அப்போது அந்த இருபது லிட்டரில் தொழிலுக்கும் போய், பிள்ளைகளையும் பள்ளியில் விட்டு, ஆஸ்பத்திரிக்கும் போய்வர முடிந்தவர்களில் ஹைப்ரிட் கார்க்காரர்கள் முன்னே நின்றார்கள் என்பது கணக்கிலேயே தெரிகிற உண்மை. தன் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் இந்தியா அந்த அனுபவத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

பணக் கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் நகருக்குள்ளேயே ஓட்டுகிற ஒருவருக்குச் சாதாரணப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டரும், அதே அளவுள்ள ஹைப்ரிட் 20 கிலோமீட்டரும் தருவதாகக் கொண்டால், மிச்சமாவது 400 லிட்டர். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்ற விலையில் 40,000 ரூபாய். ஹைப்ரிட்டுக்காக இரண்டு லட்சம் அதிகம் கொடுத்திருந்தால் ஐந்தாண்டில் அது திரும்பிவிடும். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கும், மாதம் இருமுறை திருநெல்வேலிக்கு நான்கு வழிச்சாலையில் போய்வருவதற்காக மட்டுமே கார் வைத்திருப்பவருக்கும் இது லாபமன்று. சீரான வேகத்தில் பிரேக் இல்லாமல் போகிற இடத்தில் பிடித்து வைக்க விரயம் ஏது? வீட்டு வாசலிலேயே சார்ஜ் செய்யும் வசதியுள்ளவருக்கு மின்சாரக் கார் இதைவிடச் சிறந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. இன்னொன்று: மோட்டார் எஞ்சினுக்குச் சற்றே கைகொடுப்பதோடு சரி, தனியே வண்டியை நகர்த்தாது என்ற வகையில் ‘மைல்டு ஹைப்ரிட்’ என்றும் ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ என்றும் பெயர் தாங்கிய கார்கள் விற்கப்படுகின்றன. நான் சொல்லிய நன்மைகளில் பெரும்பாலானவை அவற்றுக்குப் பொருந்தா. ஷோரூமில், எஞ்சின் அணைந்த நிலையில் இந்தக் கார் மோட்டாரால் மட்டும் நகருமா என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், உண்மை வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவு நன்மையிருந்தும் நம் தெருக்களில் இக்கார்கள் அருமையாகவே தென்படுவதற்கு விலை ஒரு காரணம்; அந்த விலைக்கு வரி ஒரு காரணம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு 28 விழுக்காடு வரியும் 15 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்த்து 43 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டு முதல் மின்சாரக் கார்களுக்கு 5 விழுக்காடு. 2025 செப்டம்பரில் தீர்வை நீங்கி, நான்கு மீட்டருக்குள்ளும் 1,200 சி.சி.க்குள்ளும் அடங்கும் சிறிய பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு 18, மற்றவற்றுக்கு 40 என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இப்போது கடையில் கிடைக்கும் முழு ஹைப்ரிட் கார்கள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. உதாரணமாக, மாருதி கிராண்ட் விட்டாரா 2022-இல் வந்தபோது, அதன் மைல்டு ஹைப்ரிட் பெட்ரோல் வகைக்கு அரசு அங்கீகாரச் சோதனையில் கிடைத்த மைலேஜ் 21.11 கிலோமீட்டர், முழு ஹைப்ரிட் வகைக்கு 27.97. உடல் ஒன்று, நீளம் ஒன்று; ஒன்று நான்கு லிட்டர் குடிக்கும் தூரத்துக்கு மற்றொன்று மூன்று லிட்டர் குடிக்கிறது; இப்போது இரண்டுக்கும் வரி விகிதம் ஒன்றே. வண்டியின் நீளத்தை அளந்து வரி போடுகிற சர்க்கார், அது நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் எரிக்கிறது என்பதை அளந்து போடுமானால், நியாயமும் விளங்கும், ஜனங்களுக்கும் வழி தெரியும். மின்சாரத்தில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியிலிருந்து பெறுகிற நாட்டில், மின்சாரக் காருக்கும் ஹைப்ரிட்டுக்கும் இடையே ஐந்துக்கும் நாற்பதுக்கும் உள்ள தூரம் இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை.

மத்திய வரி மாறும்வரை மாநிலங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் முழு ஹைப்ரிட் கார்களுக்குப் பதிவு வரியை நீக்கியது. தமிழ்நாட்டு அரசு எல்லாருக்கும் அப்படிச் செய்ய வேண்டுமென்று நான் கேட்கவில்லை. முதலில் வாடகைக் கார்களுக்குச் செய்யட்டும். சொந்தக் கார் நாளில் பெரும்பகுதி நிழலில் நிற்கிறது. சந்திக்குச் சந்தி நின்று புகை கக்குவது வாடகைக் கார்தான். ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் நகருக்குள் ஓடுகிற ஒரு பெட்ரோல் டாக்சியை மேற்சொன்ன அதே கணக்கில் ஹைப்ரிட்டாக மாற்றினால், அந்த ஓட்டுநருக்கு ஆண்டுக்கு 1,600 லிட்டருக்கு மேல் மிச்சமாகும்; அதிகம் கொடுத்த விலை ஒன்றேகால் ஆண்டுக்குள் அவர் கைக்குத் திரும்பிவிடும். நியூயார்க் நகரம் தன் மஞ்சள் டாக்சிகளில் ஹைப்ரிட் வண்டிகளை 2005-ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது. இங்கே ஓட்டுநருக்குத் தடையாயிருப்பது முதல் தவணைக்கு வேண்டிய பணம் ஒன்றுதான். கூட்டுறவு வங்கிகளின் மூலம் அந்த வித்தியாசத் தொகைக்கு மட்டும் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, சாலை வரியையும் பாதியாக்கினால், வரும் நிதியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.